அணு நீர்மூழ்கி: பொற்குடமா, பால்குடமா?

'அணு நீர்மூழ்கிக் கப்பல்' என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் பள்ளி இலக்கண வகுப்பு நினைவுக்கு வருகிறது. பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். பால்குடம் என்றால் பாலைக் கொண்ட குடம். உருபும் பயனும் மறைந்து நின்றாலும் பொருள் மயங்குவதில்லை. பாலால் குடம் செய்ய முடியாது என்பது எல்லார்க்கும் தெரியும். நீர்மூழ்கிக்கு அந்தத் துணை இல்லை. அணு உலையால் இயங்கும் கப்பலா, அணு ஆயுதத்தை ஏந்திய கப்பலா? அவரவர் அச்சத்துக்கோ பெருமிதத்துக்கோ ஏற்ப வாசகர் அத்தொகையை விரித்துக்கொள்கிறார்.

மூன்று கப்பல்களை எண்ணிப் பாருங்கள். 1988இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து இந்தியா குத்தகைக்குப் பெற்ற ஐ.என்.எஸ். சக்ரா உலையால் ஓடியது. அணு ஆயுதம் ஏந்தவில்லை. 1968இல் பசிபிக் பெருங்கடலில் மூழ்கிய சோவியத்தின் கே-129 அணு ஏவுகணைகளைச் சுமந்தது, ஓடியதோ டீசலால். 2016இல் நம் கடற்படையில் சேர்ந்த அரிஹந்துக்கு இரண்டும் உண்டு. அதன் உலைக்கான முன்மாதிரி கல்பாக்கத்தில், நிலத்தின்மேல் அமைத்துச் சோதிக்கப்பட்டது.

உலை கப்பலுக்குத் தருவது என்ன? டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். மின்கலங்களில் மின்னேற்றம் செய்ய அக்கப்பல் அவ்வப்போது நீர்மட்டத்தை ஒட்டி வந்து மூச்சுக்குழாயை நீட்டியாக வேண்டும். பகைவர் கண்ணில் படுவதும் அப்போதுதான். அணுப்பிளவுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. பிளவின் வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. வீரர்கள் மூச்சுவிடும் ஆக்சிஜனையும் அதே மின்சாரத்தால் நீரைப் பகுத்தே எடுக்கலாம். 1955 சனவரியில் அமெரிக்காவின் நாட்டிலஸ் அணுவிசையில் புறப்பட்டதிலிருந்து, கப்பல் எத்தனை நாள் மூழ்கியிருக்கலாம் என்பதை எரிபொருளைவிடச் சரக்கறையில் உள்ள உணவே தீர்மானிக்கிறது. ('உலை' என்ற சொல்லைத் தேர்ந்தவரைப் பாராட்ட வேண்டும். சோற்றுக்கு வைக்கும் உலை, கொல்லன் உலை இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் கப்பல்களில் வழங்கும் அழுத்த நீர் உலையின் முதற்சுற்றில் நீர் கொதிப்பதே இல்லை. இரண்டாம் சுற்றில்தான் ஆவியாகிறது.)

2021இல் ஆக்கஸ் உடன்பாடு அறிவிக்கப்பட்டபோது இந்த வேறுபாடு உலக அரசியலாயிற்று. ஆஸ்திரேலியா பெறவிருப்பவை உலையால் ஓடுபவை, அணு ஆயுதம் ஏந்தாதவை. அப்படியானால் கவலை இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்க, பிரித்தானியக் கடற்படை உலைகளின் எரிபொருள் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியம்; குண்டுக்கும் அத்தரமே போதும். பிரான்சின் கப்பல்கள் குறைசெறிவு யுரேனியத்தில் ஓடுவதால் வேறு வழி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அணு ஆயுதமற்ற நாடு கப்பலின் உந்துவிசைக்கான பொருளை வழக்கமான பன்னாட்டுக் கண்காணிப்பிலிருந்து விலக்கி வைக்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. விவாதிக்க வேண்டியது அந்த வழியைத்தான். உந்துவிசையையும் ஆயுதத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் அந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது.

செய்தியாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் 'அணுவிசை நீர்மூழ்கி', 'அணு ஆயுத நீர்மூழ்கி' என்று பிரித்தெழுத வேண்டும். அரிஹந்துக்கு இரண்டையும் எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாது என்பார்கள். முதல் பத்தியில் போதும்.