கத்தியைக் கீழே வைக்காதீர்கள்

"கத்தியக் கையில குடுக்காத. கீழ வையி, நான் எடுத்துக்கிறேன்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அநேகமாக இருக்காது. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும், உறவு அறுந்துபோகும் என்பது நம்பிக்கை. அவசரத்தில் நீட்டினால் கையைக் கிழித்துவிடும், அந்த எச்சரிக்கைதான் சாஸ்திரமாகிவிட்டது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அந்த விளக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோமே, சண்டை அதோடுதான்.

எனக்குக் கத்திகள் பிடிக்கும். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும் பாருங்கள், அதற்காகவே ஒருதடவை சொல்லிப் பார்க்கலாம். கேமரா பிடிக்கும் என்றால் "சூப்பர்" என்பார்கள். புல்லட் பிடிக்கும் என்றால் ஒரு ரவுண்டு கேட்பார்கள். ஃபில்டர் காபிக்காக மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டுகிறவனை ரசிகன் என்கிறோம். கத்தி பிடிக்கும் என்றால் மட்டும், "என்ன மாப்ள, யார் மேலயாவது கோவமா?" வீட்டில் இன்னும் மோசம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் இதையெல்லாம் உளறி வைக்காதே என்று முன்கூட்டியே சத்தியம் வாங்குகிறார்கள்.

இவ்வளவு கூச்சப்படுகிற சமூகம் திரையில் அரிவாளைப் பார்த்தால் மட்டும் ஏன் விசிலடிக்கிறது? 2005இல் வந்த 'திருப்பாச்சி' படத்தின் நாயகன் அரிவாள் செய்கிற பட்டறைக்காரன். சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் திருப்பாச்சேத்தி என்கிற ஊர், அங்கே பட்டறை போட்டிருக்கும் கொல்லர்களின் கைத்திறனால் பெயர் வாங்கிய ஊர். இன்று அந்தப் பெயரை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மிரட்டுவதற்கு. ஜெர்மனியில் ஸோலிங்கன் என்றொரு நகரம் இருக்கிறது. நூற்றாண்டுகளாகக் கத்தி செய்யும் ஊர். 'கத்தி நகரம்' என்ற அடைமொழியைத் தன் பெயரோடு அதிகாரபூர்வமாகவே சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே அது கைத்தொழிலின் பெருமை. நம்மிடம் அது பஞ்ச் டயலாக்.

கத்தி விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கட்சிகள்தான். ஒன்று, பயப்படுகிற கட்சி. இன்னொன்று, போஸ் கொடுக்கிற கட்சி. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள். பெரிய வெட்டுக்கத்தியால் கேக் வெட்டினார்கள். போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் படம் பரவிய பிறகு அதே மாதிரி கேக் வெட்டி, ரீல்ஸ் போட்டு, உள்ளே போன பொடியன்கள் எத்தனை பேர்! அவர்களைக் கத்தி ரசிகர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இவர்களில் ஒருவன் தன் கையால் ஒரு கத்தியைத் தீட்டியிருப்பானா? எந்த எஃகு, எத்தனை தோய்ப்பு, பிடிக்கு எந்த மரம் என்று கேட்டால் முழிப்பான். கேக்குக்கு எதற்கடா வெட்டுக்கத்தி? க்ரீம் அப்பிக்கொள்ளும், துண்டு நசுங்கும். கத்தியைப் பற்றி எதுவும் தெரியாதவன்தான் அதைச் செய்வான். பயப்படுகிறவரும் போஸ் கொடுக்கிறவரும் கத்தியில் ஆயுதத்தை மட்டுமே பார்க்கிறார்கள். இருவரும் ஒரே பள்ளியில் படித்துத் தேறாதவர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். கீரமங்கலம், வடகாடு, மாங்காடு பக்கம் பலாவும் தென்னையும் வாழையும் நிற்கிற பூமி. இங்கே ஒரு விவசாயி வீட்டில் எத்தனை வகை வெட்டுக்கருவி இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். நெல் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள். விறகுக்கும் வேலிமுள்ளுக்கும் வெட்டரிவாள். மட்டை கழிக்க ஒன்று, இளநீர் சீவ ஒன்று. பலாப்பழம் பிளக்க எண்ணெய் தடவிய கத்தி. அடுப்படியில் அரிவாள்மனை. ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு, எடை வேறு, பிடி வேறு. இளநீர் சீவுகிற அரிவாளை எடுத்து முள் வெட்டினால் வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டில் இருப்பது பொருளின் மேலுள்ள மரியாதை. உலோகவியல் வகுப்பு இல்லாமலே வந்த அறிவு.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து சாலைகளை மூடிக் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. அரசு எந்திரங்கள் வந்து சேரும்வரை கிராமத்து வழிகளைத் திறந்தவை வீட்டு அரிவாள்களும் கோடரிகளும்தான். அன்றைக்கு யாரும் அரிவாளைப் பார்த்துப் பயப்படவில்லை, அதை வைத்து போஸும் கொடுக்கவில்லை. வேலை இருந்தது.

இதே மண்ணில் கருப்பருக்கு நேர்ந்துகொண்டு அரிவாள் செய்து வைக்கிறோம். ஆள் உயர அரிவாள்கள் வானம் பார்த்து நிற்கின்றன. சாமி கையில் இருந்தால் கும்பிடுவோம். அந்த அரிவாளை அடித்தவரின் பெயர் நமக்குத் தெரியுமா? சாமி பெயர் தெரியும், உபயதாரர் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். உலைக்கு முன்னால் வெந்தவர் பெயர் எங்கும் இருக்காது.

அரசாங்கத்திடம் இருக்கிறது! 2021 செப்டம்பரில் தென் மாவட்டங்களில் பழிக்குப்பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. மாநிலம் முழுக்கத் தேடுதல் வேட்டை நடத்திய காவல்துறை, கத்தி செய்கிற பட்டறைகளையும் விற்கிற கடைகளையும் தேடிப் போனது. வாங்குகிறவர் பெயர், முகவரி, செல்போன் நம்பர் எழுதி வையுங்கள், கேமரா மாட்டுங்கள் என்று சொன்னது. தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே ஒரு உலை, ஒரு துருத்தி, ஒரு சம்மட்டி வைத்துப் பிழைக்கிறவர் கேமராவை எங்கே மாட்டுவார்?

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. கூடவே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று வடிவமைத்தவற்றுக்கு விலக்கும் தருகின்றன. சட்டம் எழுதியவருக்கு மட்டை வெட்டுகிற அரிவாளின் வேலை புரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துவிட்டது.

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாட்டு முதல்வர் 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டார். சிவகளை அகழாய்வின் காலக் கணிப்பை வைத்து, 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு இருந்தது என்று அறிவித்தார். நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். நல்லது. ஆனால் 5,300 வருஷத்துக்கு முந்தைய கொல்லருக்குக் கைதட்டிவிட்டு, நம் காலத்துக் கொல்லரிடம் ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகும் கத்தி ரசனை பேசுவாயா?

பேசுவேன். அதனால்தான் பேசுகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. அதில் அதிகம் விவாதிக்கப்பட்ட பரிந்துரைகள் எவை? மாணவர்கள் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகள், பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்கள். நோய் எங்கே இருக்கிறது என்று அந்தக் குழு கையைப் பிடித்துக் காட்டியது. அரிவாளைப் பிடித்த மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. கயிறை விட்டுவிட்டுப் பட்டறையில் போய் ரிஜிஸ்டர் கேட்பது வசதியான வேலை. கொல்லருக்கு ஓட்டு வங்கி கிடையாது.

இன்னொரு கூட்டம் இதைப் படித்துக் குஷியாகும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வளரி என்கிற எறி ஆயுதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாட்ஸப்பில் வந்திருக்கும். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில், புதுக்கோட்டை திவான் அனுப்பிய குறிப்பு ஒன்று இருக்கிறது. வளரி பிறை வடிவம், பெரும்பாலும் மரம், சிலசமயம் இரும்பு, ஒரு முனை கனமாக இருக்கும் என்கிறது அது. கள்ளர் திருமணங்களில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் வளரிகளை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

கவனியுங்கள். வெட்டுக்கருவியைக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று நாம் சொல்கிறோம். அதைக் கொடுத்தே உறவு தொடங்கியவர்கள் இதே பகுதியில் இருந்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்தது இந்தக் கைமாற்றம்தான். உங்களுக்குப் பிடிப்பது, வளரியை எடுத்து மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கலர் அடித்து, பேனரில் வைத்துப் பக்கத்துத் தெருக்காரனைப் பயமுறுத்துவது. வளரியை எறியத் தெரியாது, செதுக்கத் தெரியாது, எந்த மரத்தில் செய்வது என்றும் தெரியாது. ஆனால் பெருமை மட்டும் வேண்டும். போஸ் கட்சியில் நீங்களும் உறுப்பினர்தான், சந்தா கட்டியாகிவிட்டது.

இந்த மொத்த சச்சரவிலும் பெயரே அடிபடாத ஒரு கத்தி இருக்கிறது. அரிவாள்மனை. ஆண் கையில் இருக்கும் அரிவாளுக்குப் படம், பாட்டு, சாமி, வழக்கு எல்லாம் உண்டு. பெண் காலுக்குக் கீழே இருக்கும் அரிவாள்மனைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு அழகான யோசனை அது! கத்தி அசையாது, காய் அசையும். காலால் பலகையை அழுத்திப் பிடித்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். வாழைப்பூவும் மீனும் அதில்தான் ஆகும். ஒரு அப்பத்தா நெத்திலியை ஆய்வதைப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும், ஜப்பான் சமையல்காரர்களின் வீடியோக்களை வாய் பிளந்து பார்த்த நேரமெல்லாம் நினைவுக்கு வரும்.

அந்த அப்பத்தாவுக்கும் நம் அம்மாக்களுக்கும் நாம் என்ன வாங்கித் தருகிறோம்? மிக்ஸி, குக்கர், ஓவன். நல்ல கத்தி? வாங்கித் தரக் கூடாது, உறவு அறுந்துபோகும். அதனால் முப்பது வருஷமாக மழுங்கிய கத்தியால் பூசணிக்காயோடு மல்லுக்கட்டுகிறார்கள். கூர் இல்லாத கத்திதான் ஆபத்து. அழுத்தம் அதிகம் தேவைப்படும், வழுக்கும், விரலில் இறங்கும். சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு தெருவில் கூவி வந்தவரையும் இப்போது அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

தீட்டுவது பெரிய வித்தை இல்லை. ஈரமான கல், 15இலிருந்து 20 டிகிரி சாய்வு, ஒரே சீராகத் தேய்ப்பது. மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் திருப்பிப் போட்டுத் தேய்ப்பது. கடைசியில் பழைய பெல்ட்டில் இழுத்தால் பிசிறு போய்விடும். தக்காளியின் தோல் அழுத்தாமலே பிரியும்போது உங்கள் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம், பெண் பிள்ளை, ஆண் பிள்ளை இருவருக்கும். கத்தியின் கூரை உண்டாக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்பதும் தெரியும். அந்தப் பயம் நல்ல பயம்.

பட்டறைக்கும் போங்கள். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி, உலையில் பழுக்க வைத்து, அடித்து நீட்டுவதை நின்று பாருங்கள். அந்த எஃகில் கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். எந்த நிறத்தில் எடுத்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்பது பட்டறைக்காரரின் கண்ணில் இருக்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே போனால் வளையும், இல்லையென்றால் உடையும். இரும்புக் கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழில்காரரோடு சேர்ந்து நம் நாட்டு உருக்கு எஃகை ஆராய்ந்தார். 1820இல் எஃகுக் கலவைகள் பற்றி இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். கத்தி செய்கிறவரும் விஞ்ஞானியும் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள்?

ஆகவே நண்பர்களே, என் கோரிக்கைகள் சின்னவை. விவசாயக் கருவியும் சமையல் கத்தியும் செய்கிறவரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்துவதை அரசு நிறுத்தட்டும். ரீல்ஸ் தம்பிகள் முதலில் வீட்டு அரிவாள்மனையைத் தீட்டட்டும். நீங்கள் அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது, உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு சமையல் கத்தியை மொய்யோடு கொடுங்கள். செய்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் ஏதாவது முணுமுணுத்தால் வாங்குகிறவரிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு பல நாடுகளில் இப்படித்தான் அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிச் சமாளிக்கிறார்கள்.

கொடுக்கும்போது கீழே வைக்க வேண்டாம். கூர் உங்கள் பக்கம், பிடி அவர்கள் பக்கம். கையிலேயே கொடுங்கள்.