வாங்கிய கன்ட்ரோலர் கணினியிலும் இயங்க வேண்டும்: கொல்லிமலையிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டிய மலை எங்களுடையது. இங்கே பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வாங்க முடியாத வீட்டிலும், 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினி ஒன்று இருக்கலாம். பழைய கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிச் செருகினால் அதிலேயே விளையாடலாம். ஆனால் விண்டோஸ் விளையாட்டுகள் பலவும் எக்ஸ்பாக்ஸுக்கான எக்ஸ்இன்புட் முறையை மட்டுமே எதிர்பார்க்கின்றன. மற்ற கன்ட்ரோலர்களைக் கணினி அடையாளம் கண்டாலும் விளையாட்டு கண்டுகொள்வதில்லை. இடையில் வேறொரு மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது; சிக்னல் நிலைக்காத ஊரில் அதுவே பெரும்பாடு.

தீர்க்க முடியாத சிக்கல் இல்லை இது. 2021-இல் வெளியான லினக்ஸ் 5.12-இல் பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரைச் சோனி நிறுவனமே எழுதித் தந்தது. ஆகவே கோருகிறோம்:

தயாரிப்பு நிறுவனங்களிடம்

1. சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் ஆகியவை தங்கள் கன்ட்ரோலர் கணினியுடன் தொடர்புகொள்ளும் முறையை முழுமையாக வெளியிட வேண்டும்.

2. டிரைவரையும் அப்டேட்டையும் பென்டிரைவில் கொண்டுவந்து, இணையமின்றி நிறுவ வழி செய்ய வேண்டும்.

3. கன்ட்ரோலர் ஸ்டிக்கின் உள்ளே உரசும் பாகம் தேய்வதால், தொடாமலே பாத்திரம் நகர்கிறது. காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் அப்படித் தேய்வதில்லை. அதையே பொருத்த வேண்டும். ஸ்டிக்கும் பேட்டரியும் உதிரியாகக் கிடைக்க வேண்டும்.

4. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ப்ளூடூத் இல்லை, 2016-இல் வந்ததில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எது எதனுடன் இணையும் என்பதைப் பெட்டியில் தமிழிலும் அச்சிட வேண்டும்.

விளையாட்டு உருவாக்குவோரிடம்

5. செருகிய கன்ட்ரோலரில் உள்ள பட்டன் குறியீடுகளையே திரையில் காட்ட வேண்டும். எக்ஸ்பாக்ஸிலும் நின்டெண்டோவிலும் ஏ, பி பட்டன்கள் இடம் மாறியிருப்பதால், புதிதாக விளையாடுபவர் தடுமாறுகிறார். எந்தப் பட்டனையும் விருப்பப்படி மாற்றியமைக்க வசதி வேண்டும்.

அரசுகளிடம்

6. ஒன்றிய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அந்த உரிமையில் கன்ட்ரோலர்களையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

7. மாணவர்களுக்கு அரசு தரும் கணினிகளில் கன்ட்ரோலர் டிரைவர்களை முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும்.

8. 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில், கைவிரல் இயக்கம் குறைந்தோர் தமக்கு ஏற்ற சுவிட்சுகளைச் செருகிக் கணினியில் விளையாடலாம். அதை மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரணமாக வழங்க வேண்டும். எங்கள் மலையிலுள்ள செம்மேட்டில் பொது இடமொன்றில் எல்லோரும் பயன்படுத்த ஒன்றை வைக்க வேண்டும்.

எங்கள் பங்கையும் செய்வோம். எந்தக் கன்ட்ரோலர் எந்தக் கணினியில் இயங்குகிறது என்று சோதித்து, தமிழில் எழுதி, கேட்பவர்க்கெல்லாம் தருவோம். இக்கோரிக்கைகள் நிறைவேறும்வரை தொடர்ந்து கேட்போம்.