நம்பரைச் சொல்லும்மா...

போன வாரம் ஒரே நாளில் ரெண்டு பேர் என்கிட்ட கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. (வகுப்புல எனக்கு "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்"னு ஒரு பேர் இருக்கு. பி.காம் படிக்கிறவனுக்கு இது தேவையான்னு கேக்காதீங்க.)

முதல் ஆள்: "மச்சான், போன் கீழே விழுந்து டச் போச்சுடா. லேப்டாப்புல மாட்டி அதுலேர்ந்தே போனை இயக்க முடியுமா?"

ரெண்டாவது ஆள்: "ஊர்ல இருக்கிற அப்பா போனை ஹாஸ்டல்லேர்ந்தே நான் இயக்குற மாதிரி செட் பண்ணிக் குடுடா. போன்ல சொன்னா அவருக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குது."

முதல் ஆளுக்கு அரை மணி நேரத்துல வேலையை முடிச்சுக் கொடுத்தேன். ரெண்டாவது ஆளுக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன். "ரொம்பப் பண்ணாத"ன்னு கோவிச்சுகிட்டு போயிட்டான். அவனுக்கு நேர்ல சொல்ல முடியாததை இங்க எழுதறேன். மத்தவங்களுக்கும் பிரயோஜனப்படலாம்.

முதல்ல நல்ல கதை.

போன வருஷம் செமஸ்டருக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பஸ் படியிலேர்ந்து என் போன் விழுந்துச்சு. திரை எரியுது, படம் தெரியுது, ஆனா கீழ்ப்பாதியில டச் வேலை செய்யல. ஜி.எஸ்.டி பாடத்துக்கு எடுத்த கரும்பலகை போட்டோ மொத்தமும் அதுக்குள்ள. திரை மாத்தக் கடையில சொன்ன விலையைக் கேட்டதும் போனைத் திரும்ப பையில போட்டுகிட்டு வந்துட்டேன்.

அப்பதான் ஒரு சீனியர் ரெண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஒண்ணு, ஓ.டி.ஜி அடாப்டர். ரொம்பச் சின்னது, விலையும் கம்மி. அதைப் போன்ல சொருகி, அதுல சாதாரண யூ.எஸ்.பி மவுசை மாட்டினா, போன் திரையில அம்புக்குறி வந்து நிக்குது! பாதி ஆண்ட்ராய்டு போன்காரங்களுக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறேன். எனக்கும் அதுவரை தெரியாது.

ரெண்டாவது, ஒரு மென்பொருள். எஸ்.சி.ஆர்.சி.பி.ஒய்னு எழுதிட்டு "ஸ்கிரீன் காப்பி"ன்னு படிக்கணுமாம். 2018 மார்ச்சுல வெளிவந்தது, ஜெனிமொபைல்ங்கிற நிறுவனத்தோடது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்கு ஆரம்பிக்க வேண்டாம், போன்ல எந்த ஆப்பையும் நிறுவி வெச்சுட்டுப் போகாது. போனுக்கு ரூட் பண்ண வேண்டிய அவசியமும் இல்ல, ஆண்ட்ராய்டு 5 அல்லது அதுக்கு மேல இருந்தாப் போதும். போன் திரையை வீடியோவா மாத்தி கேபிள் வழியா லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப்புல நீங்க மவுசை அழுத்தினா, அது திரும்பிப் போய் போன்ல விரல் பட்ட மாதிரி விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனா ஒரு பூட்டு இருக்கு. போன்ல "யூ.எஸ்.பி டீபக்கிங்"னு ஒரு செட்டிங்கை ஆன் பண்ணியிருக்கணும். அது வெளியில தெரியாது. "அபௌட் போன்" பக்கத்துல இருக்கிற பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினாதான் டெவலப்பர் ஆப்ஷன்ஸே கண்ணுக்குத் தெரியும். அப்புறம் கேபிளை மாட்டினதும் போன் திரையில ஒரு கேள்வி வரும்: இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா? அதுக்குப் போன்லயேதான் "அனுமதி"யைத் தொடணும்.

என் சிக்கல் புரியுதா? அடாப்டருக்கும் கேபிளுக்கும் போன்ல இருக்கிறது ஒரே ஓட்டை. மவுசை மாட்டி செட்டிங்கை ஆன் பண்ணிட்டேன். ஆனா கேபிளை மாட்டணும்னா மவுசைக் கழட்டணும். கழட்டினா "அனுமதி" பொத்தானைத் தொட முடியாது, அது செத்துப்போன கீழ்ப்பாதியில வருது. ஒரு மணி நேரம் முழிச்ச பிறகு, மவுஸ் இருக்கும்போதே ஆட்டோ ரொட்டேட்டை ஆன் பண்ணிட்டு, கேபிளை மாட்டி, போனைப் படுக்க வெச்சேன். வலது பக்கமா இருந்த உயிருள்ள பாதிக்குப் பொத்தான் நகர்ந்து வந்துச்சு. தொட்டேன். லேப்டாப்புல என் போன் தெரிஞ்சப்போ கத்தின கத்துல பக்கத்து ரூம்காரன் ஓடி வந்தான் :-)

போட்டோ எல்லாம் வந்தது. பரீட்சையும் எழுதினேன். (மார்க் பத்திக் கேக்காதீங்க.)

இதை இவ்வளவு விரிவா சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அந்தப் பூட்டு மேல அன்னிக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. என் போன், என் லேப்டாப், எதுக்கு இத்தனை கேள்வி? ஏழு தடவை தட்டு, கேபிளை மாட்டு, அனுமதி கேளு... இது எதுவுமே இல்லாம சுலபமா இருக்கக் கூடாதான்னு நினைச்சேன். சுலபமா இருந்தா என்ன ஆகும்னு மூணு மாசம் கழிச்சு தெரிஞ்சுகிட்டேன்.

இப்ப ரெண்டாவது கதை.

அம்மா சங்கரன்கோவில்ல, நான் மதுரையில. அம்மாவுக்கு ஸ்மார்ட் போன் புதுசு. கேஸ் பதிவு பண்றது, கரண்ட் பில் கட்டறது, தங்கச்சிக்கு பீஸ் அனுப்பறது எல்லாம் அதுல. எது செய்யணும்னாலும் எனக்குக் கூப்பிடுவாங்க. நான் போன்லயே "மேல மூணு கோடு தெரியுதா?"ன்னு கேப்பேன். "எந்தக் கோடு?"ம்பாங்க. பத்து நிமிஷத்துல எனக்குப் பொறுமை போயிடும்.

அதனால ஒரு தடவை ஊருக்குப் போனப்போ தொலைவுலேர்ந்தே இயக்குற ஆப் ஒண்ணை அவங்க போன்ல போட்டேன். அது கேட்ட எல்லா அனுமதியும் கொடுத்தேன். திரையைப் பார்க்க ஒரு அனுமதி. மாற்றுத்திறனாளிகள் போனைப் பயன்படுத்தறதுக்குன்னே வெச்ச "ஆக்சஸிபிலிட்டி"ங்கிற அனுமதி இன்னொண்ணு, அது இருந்தாதான் வேற ஆள் திரையைத் தொட்டு இயக்க முடியும். அப்புறம் அம்மாவுக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லிக் கொடுத்தேன்: "இந்தச் சிவப்புப் படத்தைத் தொடு, ஒன்பது நம்பர் வரும், அதை என்கிட்ட சொல்லு, அப்புறம் வர்றதுக்கு எல்லாம் சரின்னு அழுத்து."

அருமையா வேலை செஞ்சுது. "நம்பரைச் சொல்லும்மா"ன்னா போதும். ரெண்டு நிமிஷத்துல பில் கட்டிடுவேன். அம்மாவுக்கும் சந்தோஷம், ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுகிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு போன். கரண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறதா சொன்னானாம். போன மாச பில் பதிவாகல, ராத்திரி ஒன்பதரைக்கு லைனைக் கட் பண்ணிடுவோம், இப்பவே சரி பண்ணிக்கலாம்னு. அடுத்து, ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். பேரைக் கேட்டதும் அம்மா சொல்லியிருக்காங்க: "அது என் போன்லயே இருக்கே தம்பி!"

அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வழக்கமா அவங்களுக்கு அரை மணி நேரம் ஆகுற வேலையை நானே முடிச்சு வெச்சிருந்தேன்.

நம்பரைக் கேட்டிருக்கான். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம எண் தெரியாது. இருப்பான்னு சொல்லிட்டுக் கண்ணாடி தேடப் போயிருக்காங்க. தேடித் திரும்பி வர்றதுக்குள்ள அவன் சத்தம் போட ஆரம்பிச்சுட்டான். "எவ்வளவு நேரம்? சீக்கிரம் சொல்லுங்க"ன்னு. அம்மாவுக்கு ரோஷம் வந்துருச்சு. "ஆபீஸ்ல நேர்ல வந்தே கட்டிக்கறேன், வைப்பா"ன்னு வெச்சுட்டாங்க.

அந்தக் கணக்குல இருந்தது தங்கச்சியோட காலேஜ் பீஸ். ஒரு மூக்குக் கண்ணாடியும் கொஞ்சம் ரோஷமும் காப்பாத்துச்சு. நான் காப்பாத்தல.

ராத்திரி எனக்குச் சொன்னப்போ நான்தான் கத்தினேன். யாருன்னே தெரியாத ஆளுக்கு நம்பர் சொல்லப் போனியான்னு. அம்மா அமைதியா ஒண்ணு சொன்னாங்க: "நீ கேக்குற மாதிரியேதான்டா கேட்டான்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே "எனிடெஸ்க்" பேரைச் சொல்லி இந்த மாதிரி மோசடி பத்தி வங்கிகளை எச்சரிச்சது. ஆப்பை இறக்க வைப்பாங்க, ஒன்பது இலக்க எண்ணைக் கேப்பாங்க, அனுமதி கொடுக்க வைப்பாங்க, பணத்தை எடுப்பாங்கன்னு. ஆப் மேல குத்தம் இல்ல. எத்தனையோ கம்பெனியில கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு நியாயமா பயன்படுத்தற மென்பொருள்தான் அது. ஆனா அந்த எச்சரிக்கையில இருக்கிற படிகளை எடுத்துகிட்டு, நான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வரி வித்தியாசம் இல்ல. மோசடிக்காரனுக்கு வேண்டிய பயிற்சியை நானே பாசத்தோட கொடுத்திருக்கேன்.

"பேங்க் ஆப் திரையெல்லாம் கறுப்பாதானே தெரியும், பிறகென்ன பயம்?"னு கேக்கலாம். உண்மைதான். நிறைய வங்கி ஆப்கள் தங்களோட திரையை யாரும் படம் எடுக்க முடியாதபடி மறைச்சுக்கும். ஸ்கிரீன் காப்பியிலயே பல ஆப் கறுப்பாதான் தெரியும். ஆனா ஓ.டி.பி எங்க வருது? எஸ்.எம்.எஸ்ஸா, திரையின் மேல் விளிம்புல, ஊருக்கே தெரியற மாதிரி. அதை எதிர்ல இருக்கிறவன் படிச்சுக்குவான். 2024ல வந்த ஆண்ட்ராய்டு 15, திரையைப் பகிரும்போது ஓ.டி.பியை மறைக்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க கையில இருக்கிறது பெரும்பாலும் நாம பயன்படுத்தித் தள்ளின பழைய போன்.

இப்ப கொஞ்சம் காமர்ஸ். (பயப்படாதீங்க, ஒரே ஒரு பத்தி.)

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 182ஆம் பிரிவு முகவர்னா யாருன்னு சொல்லுது. இன்னொருத்தருக்காகச் செயல்பட அமர்த்தப்பட்டவர். ஒருத்தருக்குப் பவர் எழுதிக் கொடுக்கும்போது நாம என்னென்ன பார்ப்போம்? யாருக்கு, எந்த வேலைக்கு, எப்ப வரைக்கும், எப்படி ரத்து பண்றது. நிலத்தை விக்கக் கொடுத்த பவர்ல நகையை அடகு வைக்க முடியாது. ஆனா போனைத் தொலைவுலேர்ந்து இயக்கக் கொடுக்கிற அனுமதியில இந்த நாலுல எது இருக்கு? பில் கட்ட உள்ளே வந்தவன் போட்டோவைப் பார்க்கலாம், மெசேஜைப் படிக்கலாம், பணத்தையும் அனுப்பலாம். தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக் அது. கொடுக்கிறது சொத்து இருக்கிறவர் இல்ல, "சரின்னு அழுத்து"ன்னு பழக்கப்பட்ட ஒரு விரல்.

நஷ்டம் யாருக்குங்கிறதும் முக்கியம். 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் கவனக்குறைவா ரகசிய விவரத்தைப் பகிர்ந்து நஷ்டம் வந்தா, வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்குமான நஷ்டம் முழுக்க வாடிக்கையாளருக்கேன்னு சொல்லுச்சு. "என் பையன் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தான்"னு அம்மா எந்த கவுன்டர்ல போய்ச் சொல்லுவாங்க?

அதனாலதான் சொல்றேன், அந்தக் கேபிளும் ஏழு தட்டும் அனுமதிக் கேள்வியும் தொல்லை இல்ல. பவர் பத்திரத்துல இருக்கிற வரிகள் அவை. ரெண்டு கருவியும் பக்கத்துல, ஒரே மேசையில இருக்கணும். போனைக் கையில வெச்சிருக்கிறவர்தான் சம்மதிக்கணும். கேபிளை உருவினா பவர் ரத்து. இதுல ஏமாத்தணும்னா ஏமாத்தறவன் வீட்டுக்குள்ள வந்து உக்காரணும்.

"நல்லாத்தான் பேசுற, என் அப்பா தனியா இருக்காரு, பக்கத்துல யாரும் இல்ல, நான் என்ன பண்றது?"ன்னு நீ கேப்ப மச்சான். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் பொறுமையா சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கிறதில்ல. நைட் ஷிப்டு பார்த்துட்டு வர்றவன்கிட்ட போய் ஒரு மணி நேரம் போன்ல பாடம் எடுன்னு சொல்ல நான் யாரு? வேற வழியே இல்லேன்னா போடு. ஆனா வேலை முடிஞ்ச அன்னிக்கே ஆப்பை எடுத்துடு. ஆக்சஸிபிலிட்டி அனுமதியை நீயே பார்த்து அணைச்சுடு. கேபிள்ல இயக்கினாலும், வேலை முடிஞ்சதும் டீபக்கிங்கை அணைச்சு, கொடுத்த அனுமதியை அதே பக்கத்துல ரத்து பண்ணிடு. ஆண்ட்ராய்டு 11லேர்ந்து கேபிள் இல்லாம வைஃபை வழியாவே டீபக்கிங் பண்ணலாம். அதை ஹாஸ்டல் வைஃபையில ஆன்ல விட்டுட்டுத் தூங்காத. அப்பாகிட்ட ஒரே ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லு: "போன்ல யாரு நம்பர் கேட்டாலும் சொல்லக் கூடாது. நானே கேட்டாலும் சொல்லக் கூடாது." மீறி ஏதாவது நடந்துட்டா உடனே 1930க்குக் கூப்பிடணும், வங்கிக்கும் சொல்லணும்.

எங்க வீட்டுல நான் அந்த ஆப்பை எடுத்துட்டேன். அடுத்த கரண்ட் பில்லை அம்மாவே கட்டினாங்க, நான் வெறும் வாயால சொல்லச் சொல்ல. நாற்பது நிமிஷம் ஆச்சு. ரெண்டு தடவை தப்பான பக்கம் போய், ஒரு தடவை போனே கட் ஆகி... கடைசியில பச்சை டிக் வந்தப்போ எனக்குத்தான் வேர்த்திருந்துச்சு. அதுக்கடுத்த பில்லுக்கு எனக்குப் போனே வரல. மறந்துட்டாங்களோன்னு நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது முந்தாநாளே கட்டியாச்சு. நீ சாப்டியா?"ன்னாங்க.

உங்க வீட்டுல எப்படின்னு சொல்லுங்க. என் கூட கோவிச்சுகிட்டுப் போனவனும் இதைப் படிப்பான்னு நம்பறேன். ஓ.டி.ஜி அடாப்டர் வேணும்னா என் ரூம்ல இருக்கு, வந்து வாங்கிக்கடா.