பழைய கதவில் உரியும் பெயின்ற்

இடம்பெயர்ந்து திரும்பி வந்த பழைய வீட்டின் கதவு, யன்னல்களில் பெயின்ற் உரிகிறதா? இலங்கையில் பெயின்ற்றில் சேரும் ஈயத்துக்கு 2013ஆம் ஆண்டிலிருந்துதான் சட்ட எல்லை உண்டு. அதற்கு முன் பூசியதில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். கண்ணால் பார்த்து அறிய முடியாது. உரிந்த துண்டை ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அதற்கு வசதியில்லையெனில், ஈயம் இருப்பதாகவே எண்ணி நடவுங்கள்.

அந்தத் தூசி தவழும் பிள்ளையின் கை வழியே வாய்க்குப் போய், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அருகில் நிற்கக்கூடாது. தரையை ஈரத்துணியால் துடையுங்கள். உடைந்த கதவை விறகாக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குவதும் ஆபத்து. சாப்பிடுமுன் பிள்ளையின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சந்தேகமிருந்தால், இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.