விழும் நிழலும் விழாத நினைவும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக் குடும்பங்கள் விடுமுறையில் கூட்டாகப் பேருந்து அமர்த்திக்கொண்டு சோழநாட்டுத் தலங்களைத் தரிசித்து வருவதுண்டு. திரும்பியவர்களிடம் தஞ்சைப் பெருவுடையார் கோயிலைப் பற்றிக் கேட்டால், "விமானத்தின் நிழல் தரையில் விழவே இல்லை, கண்ணாரக் கண்டோம்" என்று ஒருவரேனும் சொல்லாமல் இரார்.

உண்மையில் அந்நிழல் நாள்தோறும் விழுகிறது. காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் திருச்சுற்றில் நீண்டு கிடக்கிறது. கல்தளம் சுடும்போது வெறுங்காலுடன் வலம் வருவோர் ஒதுங்கி நிற்பதும் அதில்தான். அங்கே இளைப்பாறியவர்களே பின்னர் நிழலைக் காணவில்லை என்கிறார்கள். அவர்கள் பொய்யர் அல்லர். உண்மையாகவே அவ்வாறு நினைவுகூர்கிறார்கள்.

நினைவு என்பது பெட்டகத்தில் பூட்டிவைத்த பத்திரம் அன்று. எடுக்கும்போதெல்லாம் புதிதாக எழுதப்படுவது. பிரிட்டிஷ் உளவியலறிஞர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்: கேட்ட கதையை மீண்டும் சொல்பவர்கள், தாம் முன்பே அறிந்தவற்றுக்கு ஏற்ப அதைத் திருத்திவிடுகிறார்கள். தஞ்சைக்குப் புறப்படும் முன்பே நிழலற்ற விமானம் நெஞ்சில் எழுந்துவிடுகிறது. பேருந்தில் ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதிக்க, கேட்டது கண்டதாகிறது. நெல்சன் மண்டேலா 1980-களில் சிறையிலேயே இறந்தார் என்று உலகில் பலர் உறுதியாக நினைவு வைத்திருந்தார்கள். அவர் மறைந்ததோ 2013-இல்.

இக்கதைக்குச் சிறிது ஆதாரமும் உண்டு. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் தஞ்சையில் கதிரவன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான். அடி அகன்று முடி குறுகிய எந்தக் கட்டடத்தின் நிழலும் அவ்வேளையில் தன்மீதே அடங்கிவிடும். மார்கழியிலோ அவன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 34 பாகை தெற்கே சாய்ந்திருப்பான். சுமார் 200 அடி உயரமுள்ள விமானத்தின் நிழல் நண்பகலிலும் வடக்கே, சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம், அடித்தளத்தைத் தாண்டி 70 அடிக்குக் குறையாமல் விழும். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

இதைச் சொன்னால் இராசராசனின் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்திற்கு இடமே இல்லை. தான் அளித்தவை, தமக்கை குந்தவை அளித்தவை, தேவியர் அளித்தவை, பிறர் அளித்தவை எல்லாவற்றையும் அம்மன்னன் கல்லில் பொறிக்கச் செய்தான். 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த வீடுகளும் அங்கே உள்ளன. விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்தது தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் என்பதுவரை கணக்கு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கும் அவ்வெழுத்துகளைப் பேருந்தில் வந்தோர் பலரும் பாராமலே கடந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கண்கள் தரையில் நிழலைத் தேடிக்கொண்டிருக்கின்றன.