வாளை வடித்தவர் யார்?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. வாள், ஈட்டி, கட்டாரி எனப் பலவகை. தந்தத்தில் செய்த வளரிகூட அங்கே வந்து சேர்ந்தது! காண்போர், "அடடா, மன்னர் வாள்!" என்று வியக்கின்றனர். வியக்கட்டும். மன்னரா உலைமுன் வெந்தார்?

1855இல் ஆண் வாரிசின்றி மன்னர் மறைந்ததும் தஞ்சையை விழுங்கியது கும்பெனி. ஆயுதசாலையில் குவிந்து கிடந்தவற்றில் பொறுக்கி எடுத்தவை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றனர். தலைமுறை தலைமுறையாகக் கொல்லர் சிந்திய வியர்வை, எடைபோட்டு விலைபேசப்பட்டது!

தப்பியவற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்நாட்டுப் பட்டறைக்காரர்கள் தம் முத்திரையை அலகிலே அடித்து அனுப்புவது வழக்கம். அந்த அலகைப் பொருத்தி, கைப்பிடி சமைத்து, கைக்காப்பிலே பூவும் யாளியும் செதுக்கிய நம் தொழிலாளியின் பெயரோ நமக்குத் தெரியாது.

இல்லாத பெயரை எழுதச் சொல்லவில்லை நாம். "தஞ்சைத் தொழிலாளர் கைவண்ணம்" என்று ஒரே ஒரு வரி, மன்னர் பெயருக்கு மேலே எழுதட்டும் என்கிறோம். அதுவரை, பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் தோழர்களே, அலகைக் காட்டுமுன் அந்தக் கைப்பிடியைக் காட்டுங்கள்.