பல பின்னல்கள், ஒரே போர்வை



குரோஷா என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைத் தொப்பிதான். நடுவில் சிறு வளையமாய்த் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே சென்று, தலையின் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால், பின்னல் தானாகவே கீழ்நோக்கி இறங்கித் தொப்பியாகிவிடுகிறது. முறையாகக் கூட்டிக்கொண்டே போனால் அது தட்டையாக விரிந்துகொண்டே போகும். அளவுக்கு மீறிக் கூட்டினாலோ ஓரம் அலை அலையாய்ச் சுருளும். தொப்பியா, விரிப்பா என்பதை முடிவு செய்வது ஊசியன்று, எண்ணிக்கையே. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பலவகைப் புடைப்புப் பின்னல்கள் ஒன்றுசேரும் போர்வையையும் அச்சமின்றித் தொடங்கலாம்.

இத்தகைய போர்வையில் ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு பின்னலால் அமையும். ஒரு பட்டை கூடை முடைந்தாற்போல் இருக்கும். அடுத்தது கட்டம் கட்டமாய்க் குழிந்திருக்கும். மற்றொன்றில் சிறு பந்துகள் புடைத்து நிற்கும். காண்பதற்கு மிக அழகு. ஆயினும் தனித்தனியே எல்லாப் பின்னல்களையும் நன்கறிந்த சகோதரியர்கூடப் பாதியில் கைவிட்டு அலமாரியில் மடித்து வைத்துவிடும் வேலையும் இதுவே. காரணம், கண்ணிகளின் எண்ணிக்கை மாறாதிருந்தும் போர்வையின் அகலம் மாறிவிடுகிறது. ஒரு பட்டை இடுப்புபோல் ஒடுங்க, அடுத்த பட்டை அகன்று நிற்கிறது. இதைக் கையின் குறை என்று எண்ணி மனம் தளர்வோர் பலர். உண்மையில் இது பின்னல்களின் இயல்பு. ஒவ்வொரு பின்னலும் நூலை ஒவ்வொரு விதமாய் இழுக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்க நூல்களில் ‘சிங்கிள் குரோஷே’ எனப்படுவதையே பிரிட்டிஷ் நூல்கள் ‘டபுள் குரோஷே’ என்கின்றன. அமெரிக்கரின் ‘டபுள்’, பிரிட்டிஷாருக்கு ‘ட்ரெபிள்’. எந்த முறையில் எழுதப்பட்டது என்று பாராமல் ஒரு குறிப்பைப் பின்பற்றினால் உயரம் முழுவதும் மாறிப்போகும். நான் இங்கே ஒற்றைக் கண்ணி என்பது, ஊசியில் நூலைச் சுற்றாமல் நுழைத்துப் பின்னுவது. இரட்டைக் கண்ணி என்பது, ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு நுழைத்துப் பின்னுவது.

இனி நான்கு பின்னல்களைக் காண்போம்.

பாசிப் பின்னல்: ஓர் ஒற்றைக் கண்ணி, ஒரு சங்கிலி என மாறி மாறி வரும். அடுத்த வரிசையில் ஒற்றைக் கண்ணியைச் சங்கிலியின் இடைவெளியில் போட வேண்டும். இதற்கு 2-இன் மடங்கு தேவை.

கட்டப் பின்னல்: இரட்டைக் கண்ணி வரிசை ஒன்றின்மேல் இது தொடங்கும். முகப்பு வரிசையில் ஒரு கண்ணியை, கீழ் வரிசைக் கண்ணியின் தலையில் போடாமல், அதன் தண்டை முன்புறமிருந்து சுற்றிப் போட வேண்டும். அடுத்த இரண்டும் வழக்கமான இரட்டைக் கண்ணிகள். திரும்பி வரும் வரிசையில், தண்டு சுற்றிய கண்ணியின்மேல் வழக்கமான கண்ணியும், மற்ற இரண்டின் தண்டுகளைச் சுற்றிய கண்ணிகளும் வரும். இதற்கு 3-இன் மடங்கு.

பந்துப் பின்னல்: ஒரே இடத்தில் ஐந்து இரட்டைக் கண்ணிகளைக் கடைசி இழுப்புக்கு முன் நிறுத்தி நிறுத்திப் போட்டால், ஊசியில் ஆறு வளையங்கள் சேரும். ஆறினூடும் ஒரே முறையில் நூலை இழுத்தால் பந்து உருவாகும். இதனை மறுபக்க வரிசையில் போடுவதே முறை; பந்து நம்மைவிட்டு விலகி முகப்பில் புடைக்கும். பந்துகளுக்கிடையே மும்மூன்று ஒற்றைக் கண்ணிகள் வருவதால் 4-இன் மடங்கு வேண்டும்.

கூடைப் பின்னல்: இதற்கும் அடியில் ஓர் இரட்டைக் கண்ணி வரிசை தேவை. அதன்மேல், நான்கு தண்டுகளை முன்னிருந்தும் அடுத்த நான்கைப் பின்னிருந்தும் சுற்றிப் பின்ன வேண்டும். முகப்பில் புடைத்துத் தெரிபவற்றை மறுபக்க வரிசையில் பின்னிருந்து சுற்றினால்தான் புடைப்பு அதே பக்கம் தொடரும். நான்கு வரிசைக்கொரு முறை இடம் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு 8-இன் மடங்கு.

இப்போது 2, 3, 4, 8 ஆகிய நான்கும் ஒத்துப்போகும் எண் எது? பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தோமே, அதுதான் இங்கே துணைக்கு வருகிறது. அந்த எண் 24. ஐந்து மடங்காக்கினால் 120. இரு ஓரங்களும் நேராக நிற்க, பக்கத்துக்கு ஒரு சாதாரணக் கண்ணி சேர்த்தால் 122. ஆகவே 123 சங்கிலிகள் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, முதல் வரிசை முழுவதும் 122 ஒற்றைக் கண்ணிகளாகப் பின்ன வேண்டும். கணக்கு எனக்கு வராது என்று சொல்லும் பெண்பிள்ளைகளின் கையில் இந்த ஊசியைக் கொடுத்துப் பாருங்கள். வராது என்ற கணக்கு விரல்நுனியில் வந்து நிற்கும்.

எண் ஒத்துப்போனால் போதாது. அகலமும் ஒத்துப்போக வேண்டும். ஆதலால் போர்வைக்கு முன் ஒவ்வொரு பின்னலிலும் 15 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று பின்னி, துவைத்து, உலர்த்தி, அதன் நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு: கட்டத்திலும் பந்திலும் 15 கண்ணிகள் வந்தால் 120 கண்ணிகள் 80 செ.மீ. ஆகும். கூடைப் பின்னல் இறுகுவதால் 16 வந்தால், அதே 120 கண்ணிகள் 75 செ.மீ.யில் நின்றுவிடும். அந்த 5 செ.மீ. தான் போர்வையின் இடுப்பை ஒடுக்குகிறது.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு பட்டைக்கும் இடையில் ஒற்றைக் கண்ணி வரிசைகள் இரண்டு வையுங்கள். கூடைக்கு முந்தைய சாதாரண வரிசையில், ஓரக் கண்ணி நீங்கலாக ஒவ்வொரு 15-ஆவது கண்ணியிலும் இரண்டு போட்டால் 120 என்பது 128 ஆகும். அதுவும் 8-இன் மடங்கே. பட்டை முடிந்ததும் ஒவ்வொரு 15-ஆவதையும் 16-ஆவதையும் சேர்த்து ஒன்றாக்கினால் மீண்டும் 120. பாசிப் பின்னல் தளர்ந்து 10 செ.மீ.க்கு 14 கண்ணிகளே வந்தால், இதே வழியில் 8 குறைத்து 112-இல் பின்னிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கை கைக்கு இறுக்கம் மாறும். ஆகவே என் எண்களைக் கொள்ளாமல் உங்கள் துண்டின் எண்களையே கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதாரண வரிசையின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பது கட்டாயம். இரண்டு நிமிடம் எண்ணச் சோம்பினால் இரண்டு மாலை வேலையைப் பிரிக்க நேரும்.

மாதிரித் துண்டுகள் நூலின் அளவையும் சொல்லிவிடும். நான்கையும் நிறுத்துச் சராசரி எடை காணுங்கள். 80 செ.மீ. அகலமும் 100 செ.மீ. நீளமுமுள்ள போர்வை அத்துண்டைப் போல் ஏறத்தாழ 36 மடங்கு. துண்டு 12 கிராம் என்றால் 432 கிராம் நூல் வேண்டும்; ஓரக்கரைக்காகச் சற்றுக் கூடுதலாக, மேலுறையில் ஒரே சாயத் தொகுதி எண் உள்ளதாகப் பார்த்து, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பருத்தி நூல் நம் வெப்பத்துக்கு இதமானது. ஆனால் நனைந்தால் கனக்கும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். பாயில் விரித்தே உலர்த்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை எதையும் போர்த்தலாகாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. விழித்திருக்கும் குழந்தைக்கு விரிப்பாகவோ, வளர்ந்த பிள்ளைக்குப் போர்வையாகவோ இது பயன்படட்டும்.

சகோதரிகளே, கண்ணிகளை எண்ணும் நாம் எண்ண மறப்பது ஒன்றுண்டு. அது நம் நேரம். போர்வை 100 வரிசைகள் என்று கொண்டால் 12,200 கண்ணிகள். நிமிடத்துக்குப் பத்து எனப் பின்னினாலும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பந்துகளும் ஓரக்கரையும் இன்னும் மிகுதியாய்க் கேட்கும். இயந்திரத் துணியில் குரோஷாவின் சாயலைக் காட்டலாம். ஆனால் கடைகளில் விற்கப்படும் உண்மையான குரோஷாப் பொருள் எதுவாயினும் அது ஒருவர் கையால் பின்னப்பட்டதே.

அக்கைகள் குடும்பங்களையே காத்ததுண்டு. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியபோது, குரோஷாச் சரிகை பின்னிக் கிடைத்த வருவாயில் பல குடும்பங்கள் பிழைத்தன. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் நரசாபுரத்திலோ வேறொரு பாடம் இருக்கிறது. அங்கே வீட்டிலிருந்தே குரோஷாச் சரிகை பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. அவர்கள் பின்னியவை கடல் கடந்து விற்பனையாயின. அவர்களுக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பக் கூலி. அவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. ‘சும்மா இருக்கும் நேரத்தில் பின்னியதுதானே’ என்ற ஒரு சொல் கூலியைக் குறைத்துவிடுகிறது. அச்சொல் நம் வீடுகளிலும் ஒலிப்பதில்லையா? சில வேளை நாமே அதைச் சொல்லிக்கொள்வதில்லையா?

அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு விலை வேண்டாம், அது வேறு. விற்பதற்கென்று பின்னும் சகோதரி, நூலின் விலையோடு தன் மணிகளின் விலையையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டுமல்லவா? ஒரு சிறு சீட்டில் ஒருபுறம் ஒவ்வொரு பட்டையின் கண்ணி எண்ணிக்கையையும், மறுபுறம் ஒவ்வொரு நாளும் பின்னிய நேரத்தையும் குறித்து வாருங்கள். முதல் பக்கம் போர்வையின் ஓரத்தை நேராக நிறுத்தும். வாங்க வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்டால், மறுபக்கத்தைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள்.